பவர் மீட்டர்: பெடலிலா, கிராங்கிலா, ஹப்பிலா?

சைக்கிளை மிதிக்கும் உழைப்பை வாட்டில் அளக்கும் பவர் மீட்டரை வாங்க நினைப்பவரின் கண் முதலில் போவது பெட்டியில் அச்சிட்டிருக்கும் துல்லிய எண்ணுக்குத்தான்: ±1 சதவீதம், ±1.5 சதவீதம், ±2 சதவீதம். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். பயிற்சிக்கு முக்கியம், இன்று காட்டும் 220 வாட்டும் மூன்று மாதம் கழித்துக் காட்டும் 220 வாட்டும் ஒரே உழைப்பைக் குறிக்க வேண்டும் என்பதுதான். எப்போதும் 2 சதவீதம் கூட்டியே காட்டும் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பருவமும் ஒழுங்காகப் பயிற்சி செய்யலாம். சோதனையும் அதே மீட்டரில், பயிற்சியும் அதே மீட்டரில் என்றால் அந்தப் பிழை தன்னால் கழிந்துவிடும். ஒரு நாள் கூட்டியும் மறுநாள் குறைத்தும் காட்டும் மீட்டர்தான் பயிற்சியைக் கெடுக்கும். எந்த வகை மீட்டர் எந்த நிலைமையில் இப்படி அலைபாயும் என்று தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வி: இதயத் துடிப்புப் பட்டை மட்டும் போதாதா? வாரத்தில் இரண்டு மூன்று நாள், திட்டம் எதுவும் இல்லாமல், நண்பர்களோடு ஓட்டுபவருக்குப் போதும். பவர் மீட்டர் அவருக்குத் தருவது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க ஓர் எண் மட்டுமே. இன்டர்வல் பயிற்சி, அதாவது இடைவெளி விட்டுவிட்டுக் குறுகிய நேரம் கடினமாக மிதிப்பது, தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உழைப்பு கூடிய பிறகு இதயத் துடிப்பு அதற்கேற்ற நிலைக்கு ஏற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். 30 விநாடி இன்டர்வலில் துடிப்பு மேலே வருவதற்குள் இன்டர்வலே முடிந்திருக்கும். 4 நிமிட இன்டர்வலில்கூட முதல் நிமிடத்தில் துடிப்பைப் பார்த்து ஓட்டுபவர் அளவு மீறி மிதித்து, கடைசி நிமிடத்தில் துவண்டுவிடுவார். வெயில், தூக்கமின்மை, நீரிழப்பு எல்லாமே துடிப்பை ஏற்றும், வாட்டை ஏற்றாது.

அதற்காகத் துடிப்புப் பட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உடல் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பது விளங்கும். மூன்று மணி நேர நிதானமான சவாரியின் முதல் பாதியில் 170 வாட்டுக்கு 136 துடிப்பு என்றால் விகிதம் 1.25. இரண்டாம் பாதியில் 165 வாட்டுக்கு 141 துடிப்பு என்றால் 1.17. ஏறத்தாழ 6 சதவீதச் சரிவு. சரிவு 5 சதவீதத்துக்கு மேல் போனால், அந்த நேர அளவுக்கு அடிப்படைத் தாங்குதிறன் இன்னும் வரவில்லை என்பது பயிற்சியாளர்கள் பரவலாகக் கைக்கொள்ளும் கணக்கு. தீவிரத்தை ஏற்றுவதை விட்டு, அதே வேகத்தில் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

மீட்டர் செய்யும் வேலை

எல்லா நேரடி மீட்டர்களும் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன: முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தால் பெருக்குவது. நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் விநாடிக்கு 9.42 ரேடியன். 250 வாட் வேண்டுமென்றால் சராசரி முறுக்கு விசை 26.5 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்கில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. ஒட்டப்பட்ட ஸ்ட்ரெயின் கேஜ் அந்த வளைவை மின்தடை மாற்றமாக அளக்கிறது.

இதிலிருந்தே மீட்டரின் மிகப் பெரிய எதிரி யார் என்று தெரிந்துவிடும்: சுழியப் புள்ளி நகர்வது. எந்தச் சுமையும் இல்லாதபோது மீட்டர் 1 நியூட்டன் மீட்டர் இருப்பதாக நினைத்தால், 90 சுற்றில் 9.4 வாட் பிழை. இடது கிராங்க் கையில் (பெடலை அச்சோடு இணைக்கும் தண்டில்) மட்டும் அளந்து இரட்டிப்பாக்கும் மீட்டரில் அது ஏறத்தாழ 19 வாட். வீட்டுக்குள் இருந்த சைக்கிளை வெயிலுக்கோ குளிருக்கோ கொண்டுபோனவுடன் இந்த நகர்வு நடக்கும். வெப்ப ஈடுசெய்தல் எல்லா நல்ல மீட்டரிலும் உண்டு, முழுமையாக எதிலும் இல்லை. சைக்கிளை 10 - 15 நிமிடம் வெளியே நிறுத்திவைத்து, காலை க்ளிப்பிலிருந்து எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன நிலையில் (பெரும்பாலும் செங்குத்தாக) கிராங்கை வைத்து, சுழியம் செய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். திரையில் வரும் சுழிய எண்ணைக் குறித்துவையுங்கள். அது நாளுக்கு நாள் சற்றே ஏறி இறங்குவது இயல்பு. திடீரென்று பெரிதாகத் தாவினால் ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது.

இடது கிராங்க் மட்டும்

குறைந்த செலவு, குறைந்த எடை, ஐந்து நிமிட வேலை. இடது கிராங்க் கையைக் கழற்றி, கேஜ் ஒட்டிய கையைப் பொருத்தினால் முடிந்தது. இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டும். அந்தப் பெருக்கல்தான் இதன் பலவீனம், அதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இடது 48, வலது 52 என்று மிதிப்பவர் உண்மையில் 250 வாட் போட்டால் மீட்டர் 240 காட்டும். 4 சதவீதம் குறைவு. இந்தச் சமநிலை எப்போதும் மாறாமல் இருந்தால் கவலையே இல்லை. முன்பு சொன்னபடி பிழை கழிந்துவிடும். பலருக்கு அது மாறுகிறது. கடின முயற்சியில் இரு காலும் சமமாகவும் நிதானமான சவாரியில் வலது கால் கூடுதலாகவும் உழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சோதனை நாளில் 50/50. எஃப்.டி.பி., அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட், 230 என்று வருகிறது. அதன்படி நிதானமான சவாரிக்கான இரண்டாம் மண்டலம் 56 முதல் 75 சதவீதம்: 129 முதல் 172 வாட் வரை. அவர் 160 வாட்டைத் திரையில் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டுகிறார். அன்று சமநிலை 46/54 என்றால், திரையில் 160 வர இடது கால் 80 வாட் தர வேண்டும். மொத்த உண்மையான உழைப்பு 174 வாட். அவர் மண்டலத்தையே தாண்டிவிட்டார். எளிய நாள் என்று நினைத்தது அரைக் கடின நாளாகி, மறுநாள் இன்டர்வலில் கால் கனக்கும். காரணம் புரியாமல் பயிற்சித் திட்டத்தைக் குறைசொல்வார்.

முழங்கால் காயத்திலிருந்து மீண்டுவருபவர், இரு கால் நீளம் வேறுபட்டவர், களைப்பில் ஒரு பக்கம் சாய்பவர் இவர்களுக்கு இடது கிராங்க் வேண்டாம். மற்றவர்கள், முதல் மீட்டராக, ஒரே சைக்கிளுக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். இதில் கிடைக்கும் பலன் மிகப் பெரும்பாலும் மீட்டரே இல்லாத நிலையோடு ஒப்பிடும்போதுதான். இருபக்க மீட்டருக்கு மாறுவதில் கிடைப்பது அதைவிடச் சிறியது.

வாங்கும் முன் இரண்டை அளந்து பாருங்கள். ஒன்று, கிராங்க் கையின் உட்பக்கத்துக்கும் பிரேமின் செயின்ஸ்டேவுக்கும் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) உள்ள இடைவெளி. கேஜ் பெட்டி உட்பக்கம் 10 மி.மீ. அளவு துருத்தும், பின் பிரேக் செயின்ஸ்டேவுக்குக் கீழே இருக்கும் பிரேம்களில் இது இடிக்கும். மற்றொன்று, அச்சு வகை: 24 மி.மீ. அச்சுக்கான கையை 30 மி.மீ. அச்சில் பொருத்த முடியாது. கார்பன் கிராங்க்காக இருந்தால் பழைய கையில் ஒட்டித் தரும் வசதியை நம்பாமல், தொழிற்சாலையிலேயே கேஜ் பொருத்தி வந்த கையையே தேடுங்கள்.

பெடல்

இரண்டு மூன்று சைக்கிள் வைத்திருப்பவருக்கு எங்கள் பரிந்துரை ஐயமின்றி இருபக்கப் பெடல் மீட்டர்தான். ஒரு சாவி, சில நிமிடம், அடுத்த சைக்கிளுக்கு மாற்றிவிடலாம். எல்லா சைக்கிளின் எண்ணும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் ஒப்பிட முடியும். தொடக்கத்தில் சொன்ன நிலைத்தன்மை இங்கே இயல்பாகவே கிடைக்கிறது. இரு காலையும் தனித்தனியே அளப்பதும் இந்த வகையில் உண்மையாகவே நடக்கிறது. பிரேம் இடைவெளி, அச்சு வகை என்ற தலைவலிகளும் இல்லை.

வேறு தலைவலிகள் உண்டு. முதலாவது க்ளீட், அதாவது ஷூவின் அடியில் பூட்டிப் பெடலில் மாட்டும் துண்டு. ரோடு ஷூவுக்கான மூன்று துளை முறையில் லுக் கியோ, ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. இரண்டு துளை எஸ்.பி.டி. வேறு குடும்பம். பவேரோ, கார்மின் போன்ற தயாரிப்பாளர்கள் பல க்ளீட் வகைகளுக்கும் மாடல்கள் வைத்திருக்கிறார்கள். க்ளீட் மாறினால் பாதத்தின் உயரமும் பக்கவாட்டு நிலையும் சில மில்லிமீட்டர் மாறும், இருக்கை உயரத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, வரும் முழங்கால் வலிக்கு மீட்டரைப் பழிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, பேரிங். பெடல் அச்சில் ஆட்டம் வந்தால் அளவும் ஆடும். மாதம் ஒரு முறை பெடலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லேசான கடகடப்பு இருந்தாலே பேரிங்கைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, விழும்போது முதலில் தரையில் மோதுவது பெடல். மலைச் சைக்கிளில் பாறையில் இடிபடுவது அன்றாடம் நடப்பது, எனவே அங்கே பெடல் மீட்டரை நாங்கள் இரண்டாம் தேர்வாகவே வைப்போம்.

பொருத்தும்போது: இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறக்க வேண்டாம். மரையைத் துடைத்து, கிரீஸ் தடவி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு (பொதுவாக 30 - 40 நியூட்டன் மீட்டர்) இறுக்குங்கள். பிறகு நாலைந்து முறை எழுந்து நின்று பலமாக மிதித்து, அச்சு தன் இடத்தில் அமர்ந்தபின் மறுபடி சுழியம் செய்யுங்கள். அந்த முதல் சவாரியின் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வலது பக்கத்தில், செயின் மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்போது மின்னணுப் பகுதியில் உரசுகிறதா, பெடல் கிராங்க்கின் குழிவான பகுதியில் முட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இடித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாஷர் போட்டால் தீரும். இரு பக்கமும் சமமாகப் போடுங்கள்.

கிராங்க் நீளத்தைத் தவறாகக் கொடுப்பது பெடல் மீட்டரில் மிகப் பரவலான பிழை. உண்மையில் 170 மி.மீ. உள்ள சைக்கிளில் 172.5 என்று பதிந்திருந்தால் ஒவ்வொரு எண்ணும் 1.5 சதவீதம் கூடும். சைக்கிள் மாற்றும்போதெல்லாம் சரிபாருங்கள். சில சைக்கிள் கணினிகள் மீட்டரில் சேமித்த நீளத்தின் மேல் தங்கள் சொந்த நீளத்தை எழுதிவிடும்.

ஸ்பைடர்

செயின்ரிங்கை, அதாவது முன் பல்சக்கரத்தை, தாங்கும் பகுதிதான் ஸ்பைடர். அதில் கேஜ் வைக்கும் முறை மிகப் பழையது. 1986-இல் ஜெர்மனியின் உல்ரிச் ஷோபெரர் உருவாக்கிய எஸ்.ஆர்.எம். இந்த வகைதான். இரு காலின் உழைப்பும் ஸ்பைடர் வழியாகத்தான் செயினுக்குப் போகிறது என்பதால் மொத்த வாட் முழுமையாக அளக்கப்படுகிறது. பாறையோ சேறோ எளிதில் எட்டாத இடம். மலைச் சைக்கிளுக்கும், ஒரே சைக்கிளில் ஆண்டுக்கணக்காகப் பயிற்சி செய்பவருக்கும் இதுதான் முதல் தேர்வு.

இது காட்டும் இடது-வலது சமநிலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். எந்தக் கிராங்க் கீழிறங்குகிறதோ அந்தக் காலின் கணக்கில் முழு முறுக்கையும் எழுதிவிடுகிறது. மேலேறும் கால் பெடலை அழுத்திக்கொண்டு எதிர்விசை தந்தால் அது மற்றக் காலின் கணக்கில் குறைகிறது. மொத்தம் சரி, பங்கீடு ஊகம். செயின்ரிங் மாற்றினாலோ போல்ட்களை வேறு இறுக்கத்தில் முடுக்கினாலோ அளவு சற்றே நகரும். மாற்றியதும் சுழியம் செய்து, முடிந்தால் எடை தொங்கவிட்டுச் சோதிக்க வேண்டும். சில மாடல்களில் மீட்டரும் செயின்ரிங்கும் ஒரே துண்டு. பல் தேய்ந்தால் மீட்டரையே மாற்ற வேண்டிவரும், வாங்கும் முன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நீள்வட்டச் செயின்ரிங் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒரு சுற்று முழுதும் வேகம் சீராக இருக்கிறது என்று எண்ணிக் கணக்கிடும் மீட்டர், அது பெடலோ கிராங்க்கோ ஸ்பைடரோ, சில சதவீதம் கூட்டிக் காட்டும். சுற்றுக்குள்ளேயே வேகத்தைத் தொடர்ந்து அளக்கும் மாடல்களை மட்டுமே பாருங்கள்.

ஹப், ட்ரெய்னர்

பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் மீட்டர் நல்ல கருவிதான், சக்கரத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. போட்டிச் சக்கரம் வேறு, பயிற்சிச் சக்கரம் வேறு என்றால் போட்டி நாளின் தரவு போய்விடும். இன்று புதிதாகத் தேடுபவருக்கு இதைச் சொல்ல மாட்டோம்.

பெரும்பாலான பயிற்சி வீட்டுக்குள்தான் என்றால், சைக்கிளைப் பூட்டி ஒரே இடத்தில் ஓட்டவும் வாட்டை அளக்கவும் உதவும் ஸ்மார்ட் ட்ரெய்னரே போதும். தனி மீட்டரைத் தள்ளிப்போடலாம். சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் வகை டயர் மேல் உருளும் வகையைவிட நிலையானது. உருளும் வகையில் டயர் காற்று, உருளையின் அழுத்தம் இரண்டும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 10 நிமிடம் ஓட்டிச் சூடேறியபின் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். வாட்டை ட்ரெய்னரே பூட்டிவைக்கும் எர்க் முறையில் திரையில் கோடு நேராக வருவதைப் பார்த்து மகிழ வேண்டாம், பல ட்ரெய்னர்கள் எண்ணை மெருகேற்றித்தான் காட்டும். மெருகேற்றலை அணைத்தால் உண்மை தெரியும். எர்க்கில் சுற்று குறைந்தால் ட்ரெய்னர் அதே வாட்டுக்காகக் கூடுதல் எதிர்ப்பைத் தரும், சுற்று இன்னும் குறையும், கடைசியில் கால் நின்றுவிடும். இன்டர்வல் தொடங்கும் ஐந்து விநாடிக்கு முன்பே சுற்றை 95-க்கு ஏற்றிக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

வெளியே பெடல், உள்ளே ட்ரெய்னர் என்று இரண்டும் இருந்தால் எண்கள் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் கூடாது. பெடலும் கிராங்க்கும் செயினுக்கு முன்னால் அளக்கின்றன, ட்ரெய்னரும் ஹப்பும் செயினுக்குப் பின்னால். இடையில் 2 முதல் 4 சதவீதம் உராய்வில் போகும். பெடலில் 250 என்றால் ட்ரெய்னரில் 240 - 245 இயல்பு. ட்ரெய்னர் பெடலைவிட அதிகம் காட்டினால் இரண்டில் ஒன்று தவறு. பயிற்சிக்கு ஒன்றையே தலைமை மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள்: ட்ரெய்னரின் பவர் மேட்ச் வசதியை இயக்கி, பெடலின் எண்ணுக்கு ஏற்ப எதிர்ப்பைச் சரிசெய்யச் சொல்லலாம். இடது கிராங்க் மட்டும் உள்ளவர் இதைச் செய்ய வேண்டாம். சமநிலைப் பிழை ட்ரெய்னருக்கும் தொற்றிக்கொள்ளும்.

நம்பலாமா என்று சோதிப்பது

எடை தெரிந்த ஒன்றைத் தொங்கவிட்டுச் சோதிப்பது எல்லோராலும் முடியும். பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, கிராங்கைத் தரைக்கு இணையாக வைத்து, பெடல் அச்சில் சரியாக எடைபோட்ட 20 கிலோவைத் தொங்கவிடுங்கள். 172.5 மி.மீ. கிராங்கில் வர வேண்டிய முறுக்கு: 20 × 9.81 × 0.1725 = 33.8 நியூட்டன் மீட்டர். முறுக்கைக் காட்டும் வசதி செயலியில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2 சதவீதத்துக்கு மேல் விலகினால் தயாரிப்பாளரின் அளவுத்திருத்த வழியைப் பின்பற்றுங்கள்.

அந்த வசதி இல்லையென்றால் ஒரு மேட்டுப் பாதை போதும். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர், உடை எல்லாம் சேர்த்து 80 கிலோ. 300 மீட்டர் உயரத்தை 20 நிமிடத்தில் ஏறுகிறார். புவியீர்ப்பை வெல்ல மட்டும் 80 × 9.81 × 300 ÷ 1200 = 196 வாட். டயர் உராய்வும் காற்றும் அதற்கு மேல். பின்காற்று இல்லாத நாளில் உங்கள் மீட்டரின் சராசரி 196-க்குக் கீழே என்றால் அது குறைத்துக் காட்டுகிறது, வாதத்துக்கே இடமில்லை.

அன்றாடக் கோளாறுகள் பெரும்பாலும் சாதாரணமானவை. சி.ஆர். 2032 பேட்டரி தீரும் நிலையில், குறிப்பாகக் குளிரில், சிக்னல் விட்டுவிட்டு வரும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்தால் தண்ணீர் புகும். லேசாக சிலிகான் கிரீஸ் தடவுங்கள். ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா இணைப்பு வழியில் ஒரே நேரத்தில் எத்தனை கருவி வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத்தில் இணைப்பு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, போனில் செயலி திறந்திருந்தால் சைக்கிள் கணினிக்கு மீட்டர் கிடைக்காமல் போகலாம். திடீரென 1,500 வாட் தாவல் பதிவானால் அழித்துவிடுங்கள். எஃப்.டி.பி.யைத் தானாக ஊகிக்கும் மென்பொருள் அதையும் உங்கள் சாதனை என்றே எடுத்துக்கொள்ளும்.

சைக்கிள் கணினியில் 3 விநாடிச் சராசரியைப் பாருங்கள், ஒரு விநாடி எண் தாவிக்கொண்டே இருக்கும். பதிவு மட்டும் ஒரு விநாடிக்கு ஒன்று. வாட் சராசரியில் மிதிக்காத நேரத்தின் சுழியங்களைச் சேருங்கள், மிதிக்கும் சுற்றுகளின் சராசரியில் விட்டுவிடுங்கள்.

எந்தச் சோதனை

மீட்டரைத் தேர்ந்தெடுத்தபின் அடுத்த முடிவு இது. 20 நிமிடச் சராசரியை 0.95-ஆல் பெருக்குவது பரவலான வழி. அதற்கு முன் 5 நிமிடம் முழு பலத்தோடு மிதித்துக் குறுகிய நேர வலிமையைக் கரைப்பது இந்த முறையின் ஒரு பகுதி. அதைத் தவிர்ப்பவர்களுக்கு எண் உயர்ந்து வரும், பயிற்சி தாங்காது. படிப்படியாக வாட் ஏறும் சோதனையில் கடைசி ஒரு நிமிடத்தின் 75 சதவீதத்தை எடுக்கிறார்கள். சுலபம், ஆனால் வேகப் பாய்ச்சலில் வல்லவருக்குக் கூட்டியும், நீண்ட தூரக்காரருக்குக் குறைத்தும் காட்டும்.

இருவருக்கும் பொருந்துவது 3 நிமிடம், 12 நிமிடம் என்ற இரு முழுமுயற்சிகள். நாளை மாற்றி, புத்துணர்வோடு செய்யுங்கள். 3 நிமிடத்தில் 340 வாட், 12 நிமிடத்தில் 260 வாட் என்று வைத்துக்கொள்வோம். செய்த வேலை 61,200 ஜூல், 187,200 ஜூல். வித்தியாசம் 1,26,000, அதை 540 விநாடியால் வகுத்தால் 233 வாட். இதுதான் எல்லை வாட். 3 நிமிடத்தில் அந்த எல்லைக்கு மேலே செலவழித்தது 61,200 கழித்தல் 42,000, அதாவது 19,200 ஜூல். எல்லையைத் தாண்டும்போது செலவாகும் கையிருப்பு அது. 300 வாட்டில் ஏறினால் விநாடிக்கு 67 ஜூல் கரையும். ஏறத்தாழ 4 நிமிடம் 48 விநாடியில் தீர்ந்துவிடும். இன்டர்வல் எவ்வளவு நீளம், எத்தனை வாட் என்பதை இந்த இரண்டு எண்களை வைத்தே வகுக்கலாம். எஃப்.டி.பி. என்ற ஒற்றை எண்ணிலிருந்து இது கிடைக்காது.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே பாதையில் அல்லது அதே ட்ரெய்னரில், அதே மீட்டரோடு திரும்பச் செய்யுங்கள். இடையில் மீட்டரை மாற்றினால் பழைய எண்ணைப் புதிய மீட்டரில் வைத்துப் பயிற்சி செய்ய வேண்டாம். மாற்றும் முன் இரண்டையும் சேர்த்துப் பூட்ட முடிந்தால் ஒரு மணி நேரம் பல தீவிரங்களில் ஓட்டி, விலகல் எல்லா வாட்டிலும் ஒரே சதவீதமா என்று பாருங்கள். ஒரே சதவீதம் என்றால் பழைய பதிவுகளை அந்த அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். 150 வாட்டில் ஒன்றாகவும் 300-இல் வேறாகவும் இருந்தால் திருத்த வழியில்லை, புதிதாகச் சோதனை செய்தே தொடங்க வேண்டும்.